வைவாவை நோயாளி வீட்டில் வையுங்கள்: பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு பிசியோவின் திறந்த மடல்

மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் கைடுகளுக்கும்,

வணக்கம்.

நான் பிசியோதெரபிஸ்ட். மேலூர், ஒத்தக்கடை, அழகர்கோவில் பக்கம் வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஊருக்குள் என்னை ‘எக்சர்சைஸ் சார்’ என்பார்கள். மெஷின் வைத்து நரம்பைத் தூண்டுவதைப் பார்த்துவிட்டு ‘கரண்டு வைக்கிறவரு’ என்பவர்களும் உண்டு. பொங்கல் முடிந்த கையோடு உங்கள் மாணவர்கள் எனக்கு போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். “சார், ஸ்ட்ரோக் பேஷண்டுக்கு ஒரு ரோபோ பண்ணியிருக்கோம் சார். ஒரே ஒரு பேஷண்டு கையில மாட்டி ஒரு வீடியோ மட்டும் எடுத்துக்கிறோம். அடுத்த வாரம் செகண்ட் ரிவியூ சார்.”

நல்ல பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரோபோவை முழுசாகச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் நோயாளியைத் தேடுகிற ஏற்பாட்டில்தான் கோளாறு. அந்த ஏற்பாடு உங்கள் கையில் இருப்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மருத்துவம், மறுவாழ்வு, முதியோர் என்று தலைப்பு வைக்கிற எந்த ப்ராஜெக்டுக்கும், லேபில் ஓட்டிக் காட்டியதற்காக முழு மார்க் போடாதீர்கள். ஒரு மாதம் அது ஒரு வீட்டில் இருந்துவிட்டு வரட்டும். நாலாவது வாரத்திலும் அந்த வீட்டில் அதை யாராவது ஆன் செய்கிறார்களா என்று பாருங்கள். மீதி மார்க்கை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிசியோவுக்கு ரோபோவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ரோபோ ஆளே ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேலாகப் போய்வந்த வழியைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் மாயா மட்டாரிச். 1965இல் பெல்கிரேடில் பிறந்தவர். 1981இல் அமெரிக்காவுக்குப் போய், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு அங்கேயே எம்ஐடி என்கிற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரோட்னி புரூக்ஸ் என்ற ரோபோ ஆய்வாளரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். அவருடைய தொடக்கம் உங்கள் பிள்ளைகளின் தொடக்கத்தைப் போலவேதான். 1990இல் முதுகலை ஆய்வுக்காக அவர் செய்த டோட்டோ என்ற ரோபோ, தாழ்வாரங்களில் சுவரை ஒட்டி நகர்ந்து, வழியிலுள்ள அடையாளங்களைத் தானே பதிந்துகொண்டு, சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும். முனைவர் பட்டத்துக்கு இருபது குட்டி ரோபோக்களை ஒரே கூடத்தில் விட்டு, ஒன்றையொன்று முட்டாமல் கூட்டமாகப் போகவும் கலையவும் திரும்பச் சேரவும் பழக்கினார். 1994இல் பட்டம் வாங்கினார். 1997இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்கேயே இருக்கிறார்.

அந்த வழியிலேயே போயிருந்தாலும் அவருக்குப் பேர் கிடைத்திருக்கும். பிள்ளைகள் பிறந்த பிறகு, ‘அம்மா, நீ என்ன வேலை பார்க்கிற, எதுக்கு?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும் என்ற எண்ணம்தான் தன்னைத் திசை திருப்பியது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2005இல் தன் மாணவர் டேவிட் ஃபைல்-சைஃபருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு புதிய துறைக்கு எல்லைக்கல் நட்டார். ஆளைத் தொடாமல், தூக்காமல், பேச்சாலும் சைகையாலும் பக்கத்தில் இருப்பதாலும் உதவுகிற ரோபோ. அதாவது வேலையை நோயாளிதான் செய்வார், ரோபோ அவரைச் செய்ய வைக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு என் வேலையை யாரோ பின்னால் நின்று பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் நோயாளி அந்தக் கையால் முயன்று பார்ப்பார். டம்ளரை எடுக்கப் போனால் அது கவிழும். நல்ல கை பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் மூளை அந்தக் கையைக் கணக்கிலேயே எடுக்காது. பிற்பாடு நரம்பு ஓரளவு தேறினாலும் கை சும்மாவே கிடக்கும். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதைக் குரங்குகளிடம் பார்த்துவிட்டு, பிறகு மனிதர்களுக்கும் ஒரு வைத்தியம் வகுத்தார். நல்ல கைக்கு உறை மாட்டி அடக்கி வைத்துவிட்டு, முடியாத கையை வேலை வாங்குவதுதான் அது. 222 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. விழித்திருக்கிற நேரத்தில் 90 சதவீதம் உறை, இரண்டு வாரம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அதன் பலன் நின்றது.

ஆக, கை தேறுவதற்கு அதை எத்தனை தடவை உபயோகிக்கிறோம் என்பதே முக்கியம். அமெரிக்கா, கனடாவில் மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் ஒரு கணக்கு சொன்னார்கள். ஒரு அமர்வில் கையை நிஜமான ஒரு வேலைக்காக அசைப்பது சராசரியாக 32 தடவைதான். மூளை மாறுகிறது என்று காட்டிய விலங்குச் சோதனைகளில் அந்த எண்ணிக்கை நாளுக்குப் பல நூறு. எல்லா வசதியும் உள்ள ஊரின் கதை இது. நம் ஊரில் நான் வாரத்தில் சில மணி நேரம் போகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசு பிசியோவும் வீட்டுக்கே வருகிறார். உண்மையிலேயே பெரிய காரியம் அது. ஆனாலும் ஒருவர் எத்தனை வீடுதான் ஏறி இறங்குவார்? மிச்ச நேரமெல்லாம் நோயாளியும் சுவரும்தான்.

வெள்ளரிப்பட்டிப் பக்கம் ஒரு அப்பத்தா. ஆயுசு முழுக்கப் பூக் கட்டியவர். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கி வந்த மல்லியை விடிவதற்குள் சரம் சரமாகக் கட்டிப் போட்டுவிடுவாராம். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. நான் போகும்போதெல்லாம் அந்தக் கை முந்தானைக்குள்ளேயே இருக்கும். வெளியே எடுத்தால் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற நாலு விரலும் அதன்மேல் பூட்டியிருக்கும். வெந்நீரில் வைத்து, மணிக்கட்டை முதலில் மடக்கி, பிறகு கட்டைவிரலை அடியிலிருந்து பையப் பைய விலக்கினால்தான் திறக்கும். ரப்பர் பந்து கொடுத்தேன். அதை என்ன செய்வதென்று பார்த்தார். வாழை நாரையும் நாலு முழம் கதம்பத்துக்கான பூவையும் முன்னால் வைத்தேன். விரல் தானாக நாரைத் தேடியது. ஆள்காட்டி விரலில் நாரைச் சுற்றுகிற அந்த ஒரு அசைவு, அரையும் குறையுமாகத்தான், ஆனால் வந்தது.

வீட்டில் செய்யட்டும் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். காலையில் ஒரு டிக், சாயங்காலம் ஒரு டிக். அடுத்த தடவை போனால் எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. கை மட்டும் போன தடவையைவிட இறுகியிருந்தது. டிக் அடித்தது நாலாவது படிக்கும் பேரன். “அப்பத்தாதான் அடிக்கச் சொல்லுச்சு” என்றான்.

இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. மருமகள் ‘கையை அசைங்க’ என்று சொன்னால் அந்தச் சொல்லோடு இருபது வருஷத்து மாமியார் மருமகள் கணக்கும் சேர்ந்து வரும். மகன் திருப்பூரில். நான் சொன்னால் கேட்பார், நான் படியிறங்கியதும் முந்தானைக்குள் கை போய்விடும். முடியாத கையால் தடுமாறுவதை வீட்டார் யாரும் பார்க்கக் கூடாது என்ற கூச்சம் வேறு. பழைய கணக்கு எதுவும் இல்லாத, முகம் சுளிக்காத, நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரியே ‘இன்னொன்னு பாப்போமா அப்பத்தா’ என்று கேட்கிற ஒன்று அந்த அறையில் வேண்டும். அது மனுஷராக இருந்தால் இன்னும் நல்லது. இல்லை என்பதுதான் பிரச்சினை.

மட்டாரிச் கை வைத்த இடம் இதுதான். அதே பல்கலைக்கழகத்தில் கரோலி வின்ஸ்டைன் என்ற பிசியோதெரபி பேராசிரியர் இருந்தார். நான் மேலே சொன்ன 2006 ஆய்வில் பங்கெடுத்தவர். இவர்கள் சேர்ந்து, பக்கவாதம் வந்தவர்களிடம் ஒரு சக்கர ரோபோவைக் கொண்டுபோனார்கள். நோயாளியின் வேலை, பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்குவது. கையில் ஒரு அசைவு உணரி கட்டியிருக்கும். ரோபோ தள்ளி நிற்கும். கை அசைந்தால் உற்சாகப்படுத்தும், நின்றுவிட்டால் ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. பத்திரிகை அடுக்குகிற இடத்தில் பூச்சரத்தை வைத்துப் பாருங்கள். அப்பத்தா வீட்டுக்கு வேண்டிய ப்ராஜெக்ட் தயார்.

உங்கள் மாணவர்களுக்கு இந்த வகை வேலை பொருந்தும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரலை மடக்கி நீட்டுகிற மோட்டார் கையுறைகளைக் கொண்டுவருகிறார்கள். சர்வோ மோட்டார் ஒரு தப்பு சிக்னலில் இறுகிய விரலை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார்களா? பக்கவாதக் கையில் பல நேரம் உணர்ச்சியே இருக்காது. வலித்தால்கூடச் சொல்ல மாட்டார்கள். நான் மாட்ட விடுவதில்லை. தொடாத ரோபோவில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. கைக்குக் கட்ட எம்பியூ 6050 என்ற அசைவு உணரி ஒன்று, அதை ஓட்ட ஈஎஸ்பி32 என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு ஒன்று, ஒரு ஸ்பீக்கர், தலையாட்ட ரெண்டு சர்வோ. உங்கள் லேபில் இப்போதே கிடக்கிற சாமான்கள். மூளையைக் கசக்க வேண்டிய இடம் வேறு. எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது, எப்படிப் பேசுவது?

அந்த ‘எப்படி’யைப் பற்றியும் மட்டாரிச் குழு ஆராய்ந்திருக்கிறது. 2008இல் வெளியான ஒரு வேலையில், பயிற்சி செய்பவரின் சுபாவத்துக்குத் தக்கபடி ரோபோவின் பேச்சையும் நிற்கிற தூரத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். கலகலப்பான சுபாவம் உள்ளவர்களுக்குச் சவால் விடுகிற பேச்சு ஒத்துவந்தது. ஒதுங்கிய சுபாவம் உள்ளவர்களுக்கு ஆதரவான, மெதுவான பேச்சு. இதற்கு ஆராய்ச்சி வேண்டுமா என்று என்னைப் போன்றவர்கள் சிரிக்கலாம், ஆனால் மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க ஆராய்ச்சி வேண்டும்தான். அலங்காநல்லூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவரிடம் “என்னண்ணே, மாடு பிடிச்ச கைக்கு இம்புட்டுத்தான் தெம்பா?” என்றால் இன்னும் பத்து தடவை தூக்குவார். அதையே ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மாவிடம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே இணையத்தில் கிடைக்கிற அந்தச் செய்தி வாசிப்புத் தமிழ்க் குரலை ரோபோவுக்குள் போடாதீர்கள். ‘தங்கள் வலது கரத்தை உயர்த்தவும்’ என்று அது சொன்னால் என் நோயாளிகள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். உங்கள் மாணவர்களில் உசிலம்பட்டிப் பிள்ளை இருப்பான், பேரையூர்ப் பிள்ளை இருப்பாள். அவர்கள் வாயாலேயே பதிவு செய்யுங்கள், அப்பத்தாவை அப்பத்தா என்றே கூப்பிடட்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை நம்பியும் இறங்காதீர்கள். வலது பக்கம் இழுத்துக்கொண்டவர்களில் பலருக்குப் பேச்சும் குழறும். எனக்கே மூன்றாவது தடவைதான் புரியும்.

துறைத் தலைவர்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: இதுக்கு எதுக்கு ரோபோ, ஒரு மொபைல் ஆப் போதாதா? நியாயமான கேள்விதான். மட்டாரிச் குழுவினர் பேண்டிட் என்ற, இடுப்புக்கு மேல் மனித உருவமுள்ள ரோபோவை வைத்து, முதியவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி கைப் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். அதே பயிற்சியைத் திரையில் ஓடும் ரோபோ உருவத்தை வைத்தும் செய்தார்கள். எதிரே உருவமாக இருந்த ரோபோவைத்தான் முதியவர்கள் விரும்பினார்கள். அண்மையில் கல்லூரி மாணவர்களின் மன உளைச்சலுக்கான பயிற்சிகளை பிளாசம் என்ற சிறிய ரோபோவையும் திரையில் எழுத்தால் உரையாடும் சாட்பாட்டையும் வைத்துப் பதினைந்து நாள் சோதித்தார்கள். ரெண்டுக்கும் உள்ளே இருந்தது ஒரே வகை மொழி மென்பொருள்தான். இந்த ரெண்டில் ரோபோவோடு உட்கார்ந்தவர்களுக்குத்தான் உளைச்சல் குறைந்தது. பிளாசம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. மேலே போர்த்தியிருப்பது குரோஷா பின்னல். சின்னாளபட்டிச் சுங்குடியில் ஒரு சட்டை தைத்துப் போட்டால் வேண்டாம் என்றா சொல்லும்? என் சொந்தக் காரணம் இன்னும் எளிது. மொபைலில் ஆப் இருந்தால் அந்த மொபைல் பேரனிடம் இருக்கும்.

இப்போது மார்க் விஷயத்துக்கு வருகிறேன்.

லேபில் எல்லாமே வேலை செய்யும். டைல்ஸ் தரை, ஏசி, நிற்காத கரண்ட், எதிரே கைதட்டுகிற ஜூனியர்கள். என் நோயாளிகளின் வீட்டைச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரையில் உள்ளே அனல். பராமரிப்பு என்று மாதம் ஒருநாள் கரண்ட் இருக்காது. டிவியில் சீரியல். கோயில் கொடை என்றால் மூன்று நாள் குழாய் ரேடியோ அலறும். ரோபோ கத்தினாலும் காதில் விழாது. கோழி ஏறி உட்காரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதன் கண்ணைத் தோண்டிப் பார்க்கும். இத்தனைக்கும் நடுவில் முதல் வாரம் எல்லோரும் அதைச் சுற்றி உட்காருவார்கள், ரெண்டாவது வாரம் சலிக்கும், மூன்றாவது வாரம் அதன்மேல் துண்டு காயும். அந்தச் சலிப்பைத் தாண்டுவதுதான் இந்தத் துறையின் முக்கியமான பிரச்சினை. சலிப்பு வரும்வரை வீட்டில் விட்டுவைக்காத எந்தச் சோதனையும் அதைக் காட்டாது.

இதை மட்டாரிச் குழு செய்து காட்டியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு கிவி என்ற பறவை உருவ ரோபோவை அனுப்பி, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் சுமார் ஒரு மாதம் அங்கேயே விட்டார்கள். குழந்தை கணக்கு விளையாட்டு விளையாடும். கவனம் போகிறதா, இருக்கிறதா என்று ரோபோ தானே கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் எடுத்த ஒளி ஒலிப் பதிவுகளை வைத்துப் பழக்கிய மென்பொருள் அதை 90 சதவீதம் அளவுக்குச் சரியாகச் சொன்னது. 2020இல் கட்டுரை வந்தது. எனக்கு அந்த 90 பெரிதாகப் படவில்லை. அம்மா சமைக்கிற, தம்பி குறுக்கே ஓடுகிற, வெளிச்சம் மாறுகிற வீட்டுக்குள் ஒரு மாதம் விட்டார்களே, அதுதான் பெரிது. லேபில் எடுத்த பதிவாக இருந்தால் தம்பி இருந்திருக்க மாட்டான்.

ஒரு மாதம் விட்டால் இன்னொரு தொல்லையும் கூடவே வரும், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழகிவிடுவார்கள். மட்டாரிச்சும் சேர்ந்து 2016இல் தொடங்கிய எம்பாடிட் என்ற நிறுவனம், குழந்தைகளுக்காக மாக்ஸி என்ற ரோபோவை 2020இல் கொண்டுவந்தது. பிற்பாடு 799 டாலருக்கு விற்றார்கள். பேசும், கதை கேட்கும், மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும். ஆனால் அதன் மூளை இணையத்தில் எங்கோ ஒரு சர்வரில் இருந்தது. 2024 டிசம்பரில் முதலீடு கைவிட்டுப் போய், கம்பெனியை மூடுகிறோம், ரோபோ இனி இயங்காது என்று அறிவித்துவிட்டார்கள். குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். பிள்ளைகள் அழுத வீடியோக்களை நானும் பார்த்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும்படி ஒரு திறந்த மென்பொருளைப் பிறகு வெளியிட்டார்கள். தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள். அவ்வளவு பெரிய ஆய்வாளர் பக்கத்தில் இருந்தும் இது நடந்தது என்பதை உங்கள் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இதற்கு கம்பெனி மூடவே வேண்டாம், ஏப்ரல் மாதம் வந்தாலே போதும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ரோபோவைப் பிரித்து மோட்டாரை ஜூனியருக்கு விற்றுவிடுவார்கள், அல்லது கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கிற நாக் குழு வரும்போது காட்ட கண்ணாடி அலமாரிக்குள் போகும். ஆகவே என் கோரிக்கையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் வைத்த பொருளுக்கு அடுத்த பேட்ச் பொறுப்பு. இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். எடுக்கத்தான் வேண்டும் என்றால், எப்போது எடுப்போம் என்பதை வைக்கிற அன்றே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கேமரா வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். ஒற்றை அறை வீட்டில் பெண்கள் உடை மாற்றுவதும் தூங்குவதும் அந்த ரோபோவுக்கு எதிரேதான் நடக்கும். பேப்பரில் ‘கம்ப்யூட்டர் விஷன்’ என்று ஒரு வரி சேரும் என்பதற்காக அந்த வீட்டுக்குள் கண் வைக்காதீர்கள். கை எத்தனை தடவை அசைந்தது என்பதைக் கையில் கட்டிய உணரியே சொல்லும். ஒப்புதல் தாளையும் தமிழில், அவர்கள் வீட்டில் படித்துச் சொல்லக்கூடிய தமிழில் எழுதுங்கள். நெறிமுறைக் குழு உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது, கூட்டுச் சேருங்கள். குழுவில் ஒரு பிசியோ இல்லாமல் எந்தப் பயிற்சியையும் ரோபோ வாயால் சொல்ல வைக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிற அன்று ‘இன்னொன்னு, இன்னொன்னு’ என்று அது உற்சாகப்படுத்தினால் விபரீதம்.

பல்கலைக்கழக விதியில் இடமில்லை, கால அட்டவணை ஒத்துவராது என்பீர்கள். வெளித்தேர்வாளர் போடும் மார்க்கில் நீங்கள் கை வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ரிவியூ மார்க் உங்கள் கையில்தானே இருக்கிறது? முதல் ரிவியூவில் பவர்பாயிண்ட் படங்களுக்குப் பதில், நோயாளி வீட்டில் அரை நாள் உட்கார்ந்து எழுதிய குறிப்பைக் கேளுங்கள். என்ன பொருள் எங்கே இருக்கிறது, பிளக் எங்கே, யார் எப்போது வீட்டில் இருக்கிறார்கள், நோயாளி முன்பு என்ன தொழில் செய்தார். இந்தக் குறிப்பை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்க முடியாது. அந்த ஒரு லாபமே உங்களுக்குப் போதும். செலவுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் உதவித்தொகை இருக்கிறது. பிரம்மாண்டமாக எதுவும் தேவைப்படாது. ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்கு ரோஜாப்பூ நீட்டுகிறதே ஒரு ரோபோ, கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டபடி நிற்கும் பொம்மை மாதிரி, அதற்கு ஆன செலவில் இப்படி மூன்று செய்யலாம்.

மதுரையில் இது நடக்குமா என்றால், வெளியூர்க்காரர் கேட்கலாம், நாம் கேட்கக் கூடாது. 1976இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று 1992இல் ஆரோலேப் என்று ஒன்றை ஏற்படுத்தி, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே செய்து, பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். லென்ஸ் செய்வதற்கு வெகு முன்னாலேயே அவர்கள் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். யாருக்குப் பார்வை இல்லை, ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்பது தெரிந்திருந்தது. ஜப்பானில் டகனோரி ஷிபாடா செய்த பாரோ என்ற கடல்நாய்க்குட்டி ரோபோ, மறதி நோய் வந்த முதியோருக்காக உலகமெங்கும் போகிறது. விலை ஆயிரக்கணக்கான டாலர். அதை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. மெத்தென்ற ரோமத்தைத் தடவிக்கொடுத்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் ஆவார்களா என்றே எனக்குச் சந்தேகம். ஒரு கன்றுக்குட்டியாக இருந்தால் ஆகலாம். அதையும் ஒரு வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ரோபோ வந்தால் உன் பிழைப்பு போகாதா என்று என் கூட்டாளிகள் கேட்கிறார்கள். இறுகிய கட்டைவிரலை விலக்க ரோபோ வரப்போவதில்லை, அது நான்தான். நான் விலக்கிவிட்டு வந்த விரல் மறுநாள் காலை வரை திறந்திருக்க வேண்டும், அதற்குத்தான் எனக்கு ஒரு துணை வேண்டும்.

ஜூலையில் பேட்ச் பிரித்து டைட்டில் கொடுப்பீர்கள். டைட்டில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு குழுவையாவது அனுப்பிவையுங்கள். ரெண்டு பேர் ரெண்டு பேராக வரட்டும், என்னோடு வீடுகளுக்குக் கூட்டிப்போகிறேன். காலையில் ஒத்தக்கடை நரசிங்கம் விலக்கில் நிற்பேன். முதல் நாள் போனை வெளியே எடுக்க விட மாட்டேன், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். ஒருவர் என் வண்டியில் ஏறிக்கொள்ளலாம், இன்னொருவர் சொந்த வண்டியில் வரட்டும். ஹெல்மெட்டை அவரவரே கொண்டுவந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மேலூர்ச் சாலையில் வீடு வீடாகப் போகும் ஒரு பிசியோதெரபிஸ்ட்